வில் வேட்டைக்கு ரேஞ்ச்ஃபைண்டர்: பெட்டி மேல் இருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள்

தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கருவி எதை எடுத்தாலும் பெட்டியின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு எண் இருக்கும்: 800, 1200, 2000. அந்தக் கருவி எத்தனை கெஜம் வரை அளக்கும் என்பதுதான் அது. விலையும் பெரும்பாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே ஏறும். வில்லோடு வேட்டைக்குப் போகிறவருக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருடைய வேலை 10 மீட்டரில் தொடங்கி 40 மீட்டரில், மிஞ்சிப்போனால் 50 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அந்தச் சின்னத் தூரத்துக்குள் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெட்டி சொல்லாது.

40 மீட்டர்தானே, கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். துப்பாக்கி என்றால் அந்தக் கேள்வி சரி. வில்லுக்குச் சரிப்படாது. காரணம் வேகம்.

துப்பாக்கித் தோட்டா விநாடிக்கு 800 மீட்டர் அளவில் பறக்கும். கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லின் அம்பு விநாடிக்குச் சுமார் 85 மீட்டர். கப்பி எதுவும் இல்லாத ரிகர்வ் வில் என்றால் 55 மீட்டர் போனாலே நல்ல வேகம். மெதுவாகப் போகும் பொருள் காற்றில் அதிக நேரம் இருக்கிறது. அந்த நேரம் முழுக்கப் பூமி அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மான் 30 மீட்டரில் நிற்பதாக நினைத்துக் குறி வைக்கிறீர்கள், உண்மையில் 35 மீட்டரில் நிற்கிறது. தோட்டா நினைத்த இடத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூடக் கீழே போகாது. காம்பவுண்ட் அம்பு ஏறக்குறைய 12 செ.மீ. கீழே படும். ரிகர்வ் அம்பு 28 செ.மீ. கீழே போய்விடும். ரிகர்வ்காரர்கள் பொதுவாக அவ்வளவு தூரத்தில் எய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் 20 என்று நினைத்த மான் 25 மீட்டரில் நின்றாலே அவர்கள் அம்பு 20 செ.மீ. இறங்கிவிடும். காற்றின் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது, நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே இறங்கும்.

நடுத்தர அளவுள்ள மானின் உயிர்நிலை, அதாவது நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. குறுக்கே 20 முதல் 25 செ.மீ. நடுவிலிருந்து விளிம்புக்கு 10, 12 செ.மீ.தான். ஆக, 5 மீட்டர் தப்பாக மதிப்பிட்டாலே தட்டின் விளிம்புக்கு வந்துவிடுகிறீர்கள். விளிம்பில் பட்ட மான் உடனே சாகாது; காயத்தோடு ஓடும், எங்கோ போய் மெதுவாகச் சாகும். தட்டுக்கு வெளியே முழுசாகத் தப்பிப்போன அம்பைவிட அதுதான் மோசம். 30 மீட்டரில் 5 மீட்டர் தப்பு என்பது கண்ணுக்குப் பெரிய தப்பே இல்லை. அந்தி வெளிச்சத்தில், நடுவே ஒரு பள்ளம் இருந்தால், நல்ல அனுபவசாலிகூட அதற்கு மேல் பிசகுவார்.

சரி, கருவி என்ன செய்கிறது? பொத்தானை அழுத்தியதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்புகளை அனுப்புகிறது. பெரும்பாலான கருவிகளில் அதன் அலைநீளம் 905 நானோமீட்டர். துடிப்பு இலக்கில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணுகிறது. ஒளி ஒரு நானோவிநாடியில் 30 செ.மீ. போகும். 30 மீட்டரில் நிற்கும் மானைத் தொட்டுத் திரும்ப 200 நானோவிநாடி. இவ்வளவுதான் சங்கதி. இதில் நாம் மறந்துவிடக்கூடாதது ஒன்று: கருவிக்கு மானைத் தெரியாது. எதிலிருந்து ஒளி திரும்பி வந்ததோ அதன் தூரத்தைச் சொல்லும். நடுவில் ஒரு புல் தாள் நின்றிருந்தால் அதுவும் திருப்பி அனுப்பும். மறைவுக்கூடாரத்தின் வலை ஜன்னல் வழியாக அளந்தால் வலையின் தூரம் வரலாம். அடைமழையும் பனிமூட்டமும்கூட இதே வேலையைச் செய்யும்.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. பல பொருள்களிலிருந்து ஒளி திரும்பி வந்தால் கருவி எதை எடுத்துக்கொள்ளும்?

கோல்ஃபுக்கென்று செய்த கருவிகள் முன்னால் இருப்பதையே எடுக்கும். கொடிக்கம்பம் முன்னால், மரங்கள் பின்னால். கம்பம்தான் அவர்களுக்கு வேண்டும். காட்டில் நிலைமை தலைகீழ். மான் பின்னால் நிற்கும், புதரும் சுள்ளியும் முன்னால் இருக்கும். அதனால் வேட்டைக் கருவிகளில் முன்னால் இருப்பதை ஒதுக்கிவிட்டுக் கடைசியாக இருப்பதை எடுக்கும் ஒரு மோட் வைத்திருப்பார்கள். புஷ்னெல் நிறுவனம் அதை பிரஷ் மோட் என்கிறது. மற்றவர்கள் வேறு பெயர் வைப்பார்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று கோல்ஃப் கருவியை வாங்கிவந்து, எந்த மானை அளந்தாலும் 8 மீட்டர் என்று காட்டுகிறதே எனத் திகைப்பவர்கள் உண்டு. 8 மீட்டரில் இருப்பது மான் இல்லை, கிளை.

ஆனால் பிரஷ் மோடையே எந்நேரமும் போட்டு வைத்திருந்தாலும் வம்புதான். லேசர் கற்றை ஊசி முனை போல மெல்லியதில்லை, தூரம் போகப் போக விரியும். மானின் முதுகோரத்தில் குறி வைத்தால் கற்றையின் ஒரு பகுதி முதுகைத் தாண்டிப் பின்னால் உள்ள மரத்தில் படும். கருவி "கடைசியில் இருப்பது மரம்" என்று முடிவு செய்து அதன் தூரத்தைக் காட்டும். எனவே இரண்டு மோடும் இருக்க வேண்டும், மாற்றுவதும் சுலபமாக இருக்க வேண்டும். நாலு முறை அழுத்திப் பட்டியலுக்குள் போய்த் தேட வேண்டிய கருவியை நான் தொடமாட்டேன். கூடவே ஸ்கேன் மோட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே நகர்த்தினால் தூரம் மாறி மாறிக் காட்டிக்கொண்டே வரும். புதரிலிருந்து மானுக்கு நகர்த்தும்போது 18, 18, 31, 31 என்று எண் தாவுவதைப் பார்த்தாலே எது எது எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும். எனக்கு மற்ற எல்லா வசதிகளையும்விட இதுதான் அதிகம் பயன்பட்டிருக்கிறது.

அடுத்தது சாய்வு. இதைப் பற்றித்தான் விளம்பரங்களில் அதிகச் சத்தம் இருக்கும், அதிகக் குழப்பமும் இருக்கும்.

மேட்டிலிருந்து கீழே எய்தாலும், பள்ளத்திலிருந்து மேலே எய்தாலும், அம்பு எவ்வளவு இறங்கும் என்பது சாய்வான தூரத்தைப் பொறுத்தது இல்லை. தரைமட்டத்தில் அளந்த தூரத்தை, அதாவது கிடைத்தூரத்தைப் பொறுத்தது. லேசர் அளப்பதோ சாய்வான தூரத்தை. மலைச்சரிவில் 30 டிகிரி கீழே நிற்கும் மான் 40 மீட்டர் என்று காட்டினால், கிடைத்தூரம் 34.6 மீட்டர்தான். 40 மீட்டருக்கான குறியை வைத்து எய்தால் காம்பவுண்ட் அம்பு 14, 15 செ.மீ. மேலே போகும். தட்டைத் தாண்டிவிட்டது. மேலே எய்தாலும் இதே கதை, அப்போதும் அம்பு உயரத்தான் போகும். மேலே எய்யும்போது கூடுதலாக ஏற்றிப் பிடிக்க வேண்டும் என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள்.

கோணத்தைத் தானே அளந்து கிடைத்தூரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் வசதி இப்போது பெரும்பாலான வேட்டைக் கருவிகளில் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. புஷ்னெல் ஏ.ஆர்.சி. என்கிறது, லியூபோல்ட் டி.பி.ஆர். என்கிறது, வோர்டெக்ஸ் எச்.சி.டி. என்கிறது. உள்ளே இருப்பது பள்ளிக்கூடத்துக் கொசைன்தான். லியூபோல்ட் போன்ற சிலவற்றில் துப்பாக்கிக்கு ஒரு கணக்கு, வில்லுக்கு ஒரு கணக்கு என்று பிரித்திருப்பார்கள். அங்கே வில் என்பதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் வேறு எதையோ காட்டும்.

இனி, பரண் மேல் உட்கார்பவருக்கு இது எவ்வளவு அவசியம்? உங்கள் கண்ணுக்கும் மானுக்கும் 6 மீட்டர் உயர வித்தியாசம், மரத்தடியிலிருந்து மான் 20 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். சாய்வுத் தூரம் 20.9 மீட்டர். வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. அம்பு ஒரு செ.மீ. சொச்சம்தான் மாறும். அதாவது சமதரைக் காட்டில் பரண் மீதிருந்து எய்பவர்கள் சாய்வு வசதி இல்லாத பழைய கருவியை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம். செங்குத்தாகக் கீழே பார்க்கிற கிட்டத்துக் குறி வேறு விஷயம் என்றாலும், அங்கே பிசகுவது பெரும்பாலும் தூரத்தால் இல்லை. இடுப்பிலிருந்து வளையாமல் கையை மட்டும் தாழ்த்துவதால். மலைப்பாங்கான இடத்தில் நடந்து வேட்டையாடுபவர்களுக்குத்தான் சாய்வு வசதி இல்லாமல் முடியாது. பழைய கருவியே கையில் இருக்கிறது என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. பரணில் உட்கார்ந்தபடி, தரையைப் பார்த்து அளக்காமல், உங்கள் கண் மட்டத்துக்கு நேராக எதிரே இருக்கும் மரத்தண்டுகளை அளந்து வையுங்கள். அது கிடைத்தூரமேதான். கணக்கே தேவையில்லை.

மூன்றாவது, அந்த எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பலர் காட்டில் போய்த்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். கடை வெளிச்சத்தில் எந்தத் திரையும் பளிச்சென்று தெரியும். மான்கள் நடமாடுவதோ விடியலிலும் அந்தியிலும். விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் எல்.சி.டி. திரை, எழுத்து கறுப்பு. இருண்ட புதரின் மேல் கறுப்பு எண்ணைப் படித்துப் பாருங்கள்! போதாததற்கு, எல்.சி.டி. தகடு உள்ளே வரும் வெளிச்சத்திலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். சிவப்பில் ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரை அந்தியில் அருமை. அதிலும் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்க வேண்டும். உச்சத்தில் வைத்தால் இருட்டில் கண் கூசி மானே மறைந்துவிடும், அடியில் வைத்தால் உச்சிவெயிலில் எண் தெரியாது. எதில் பணம் போடுவது என்று கேட்டால், 2000 கெஜத்தில் போடுவதைவிடத் திரையில் போடுங்கள் என்பேன்.

உருப்பெருக்கமும் இதோடு சேர்ந்தது. 6×21 என்று எழுதியிருந்தால் 6 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 21 மி.மீ. அகலம் என்று பொருள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அகலம்: 3.5 மி.மீ. 4×20 என்றால் 5 மி.மீ. அந்தியில் கண்ணின் பாப்பா விரியும்போது பெரிய வட்டம் உதவும். தவிர, 4 மடங்கில் பார்வைப் பரப்பு அகலம் என்பதால் 20 மீட்டரில் மரங்களுக்கிடையே மானைச் சட்டென்று பிடித்துவிடலாம். 8 மடங்கில் அதே மானின் காது தெரியும், விலா தெரியும், எந்த மரத்தின் பக்கத்தில் நிற்கிறது என்று தெரியாது. வில்லுக்கு 4 முதல் 6 மடங்கு போதும்.

சத்தத்துக்கு வருவோம். பொத்தானை அழுத்தும்போது 'டிக்' என்கிறதா, உறையைத் திறக்கும்போது வெல்குரோ கிழிகிறதா என்று பாருங்கள். 15 மீட்டரில் நிற்கும் மானுக்கு அது போதும். காந்த மூடி உள்ள உறை தேவலாம், அதுவும் மூடும்போது தட்டும். ஒரு கையால் எடுத்து, அளந்து, உறையில் பார்க்காமலே திரும்ப வைக்க முடிய வேண்டும், ஏனென்றால் மறு கையில் வில் இருக்கும். அப்புறம், கழுத்திலோ மார்ப்பட்டையிலோ கயிற்றால் கட்டிவையுங்கள். பரணிலிருந்து கீழே விழுந்த கருவி உடையாவிட்டாலும் மானை விரட்டிவிடும்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். துல்லியம் கூட்டியோ குறைத்தோ 1 கெஜம் என்றிருந்தால் போதும். 40 மீட்டரில் ஒரு மீட்டர் பிசகினால் காம்பவுண்ட் அம்பு 3 செ.மீ.கூட மாறாது, நம் கை நடுக்கம் அதைவிடப் பெரிது. புள்ளி வைத்து ஒரு தசமம் காட்டுகிறது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் குறைந்தபட்ச தூரத்தைக் கட்டாயம் பாருங்கள். சில கருவிகள் 10 கெஜத்துக்குள் எண்ணே காட்டாது. நீர்த்தடுப்பு ஐபிஎக்ஸ்4 என்றால் தூறல் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். பேட்டரி பெரும்பாலும் சி.ஆர்.2 வகை லித்தியம். குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும், உள் சட்டைப்பையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

வில்லிலேயே பொருத்திக்கொள்ளும் வகையும் உண்டு. கார்மின் நிறுவனம் 2018ல் கொண்டுவந்த ஸீரோ சைட் (சைட் என்பது வில்லில் பொருத்திக் குறிபார்க்கும் கருவி), நாணை இழுத்தபடியே தூரத்தை அளந்து, அந்தத் தூரத்துக்கான குறிப்புள்ளியைத் தானே ஒளிரச் செய்யும். கேட்க மந்திரம் மாதிரி இருக்கிறது. ஆனால் வில்லில் மின்னணுக் கருவி எதையும் பொருத்தக்கூடாது என்று அமெரிக்காவில் சில மாநிலங்கள் விதி வைத்திருக்கின்றன. கையில் வைத்திருக்கும் கருவிக்கு அந்தத் தடை பெரும்பாலும் பொருந்தாது. எந்த நாடாக இருந்தாலும் வில் வேட்டைக்கு அனுமதி உண்டா, உரிமம் என்ன என்பதோடு இதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். தூரம் குறிக்காத கள வில்வித்தைப் போட்டிகளில் கையில் வைத்திருப்பதற்கும் அனுமதியில்லை, அங்கே கண்தான் கருவி. முதல் கருவியாக இந்த வில்சைட்டை நான் சொல்லமாட்டேன்.

வாங்கி வந்ததும் இரண்டு சோதனை. ஒன்று, டேப் வைத்து 20, 30, 40 மீட்டர் அளந்து மூன்றிலும் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, தனியாக நிற்கும் ஒரு கம்பத்தின் ஓரத்தில் குறியை வைத்து மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். உள்ளே தெரியும் குறி கம்பத்தைத் தொடும்போதே எண்ணும் மாற வேண்டும். குறி கம்பத்தின் மேல் இருக்க, எண் பின்னால் உள்ள சுவரைக் காட்டினால் லேசரும் குறியும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. மேலும் கீழுமாகவும் இப்படி நகர்த்திப் பாருங்கள். சில கருவிகள் கொஞ்சம் விலகித்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் சமாளிக்கலாம், அதிகம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறக்காமல் அலகையும் பாருங்கள். என் முதல் கருவி கெஜத்தில் இருந்தது, வில்லின் சைட் மீட்டரில் இருந்தது. 40 கெஜம் என்பது 36.6 மீட்டர். அன்று காலை முழுக்க நுரை மான் பொம்மையில் என் அம்புகள் நாலு விரல் உயரத்திலேயே குத்திக்கொண்டிருந்தன. நாணைக் குறை சொன்னேன், அம்பைக் குறை சொன்னேன், மதியம்தான் திரை ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தேன்.

கடைசியாக, கருவியை எப்போது எடுப்பது? மான் வந்த பிறகு என்றால் பெரும்பாலும் தாமதம். அளக்க ஒரு கை அசைவு, உறையில் வைக்க ஒன்று, நாணை இழுக்க ஒன்று. அதற்குள் அது நாலைந்து மீட்டர் நடந்திருக்கும், உங்கள் எண்ணும் பழசாகியிருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும், அம்பு 85. 30 மீட்டரில் நிற்கும் மானுக்கு நாண் ஒலி 0.09 விநாடியில் கேட்டுவிடும், அம்பு போய்ச்சேர 0.35 விநாடி ஆகும். நடுவில் இருக்கும் கால் விநாடியில், பாய்வதற்காகக் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்திவிடும் மான்கள் உண்டு. ரேஞ்ச்ஃபைண்டர் 55 மீட்டர் என்று சரியாகக் காட்டுகிறது என்பதற்காக 55 மீட்டரில் எய்துவிட முடியாது.

அதனால் உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சுற்றியுள்ள அடையாளங்களை அளந்துவிடுங்கள். அந்தப் பட்டுப்போன மரம் 18, பாறை 24, தடம் திரும்பும் இடத்தில் இருக்கும் புதர் 31, அந்த வெள்ளைத் தண்டு 40. அதற்கு அப்பால் இல்லை என்று அந்த மரத்தோடு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லிப் பாருங்கள், பிறகு பொத்தானை அழுத்துங்கள். சில மாதம் இப்படிச் செய்தால் கண்ணும் பழகிவிடும். மான் பாறைக்கும் புதருக்கும் நடுவே வந்து நிற்கும்போது 27, 28 என்று உங்களுக்கே தெரியும். கருவி உறைக்குள்ளேயே இருக்கும், இரண்டு கையும் வில்லில் இருக்கும்.